மாமனாரின் தனிக்குடித்தனம்

மருத்துவமனைப் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, விறைப்பாக இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் ஒருத்தி மடிப்பை எடுத்துக்கொண்டு பின்னால் நடப்பாள். மறுபடியும் வருவாள். நகரத்தில் பாதி மருத்துவமனைகளின் வெள்ளைத் துணியெல்லாம் அந்தச் சலவைக்கூடத்துக்குத்தான் வந்தது. கொதிநீரில் வெந்து, சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து, காகிதம் போல விறைத்து வெளியே விழும். மழைக்காலத்தில் அங்கே வேலை செய்வது சுகம். மற்ற மாதங்களில் துணி காய்கிற நேரத்தில் ஆளும் காய்ந்துபோகும்.

ஆபீசருக்கு மடிப்பு ஜோடியாக வாய்த்தவளை எல்லோரும் ரேடியோ என்று கூப்பிட்டார்கள். முனையைச் சேர்க்கக் கிட்டே வரும்போது பேசினால்தான் இயந்திரச் சத்தத்தில் காதில் விழும். ரேடியோ விலகிப் போகும்போதும் நிறுத்தமாட்டாள். அதனால் அவள் வீட்டுக் கதைகளில் பாதிதான் ஆபீசருக்குத் தெரியும். ஆபீசர் என்ற பெயரும் ரேடியோ வைத்ததுதான். நாற்பது வயதில், ஆன்லைனில் சமூகப் பணிப் பட்டம் படிக்கிறேன் என்று இவள் முதன்முதலில் சொன்னபோது, "அப்ப இனிமே எங்க வீட்டுச் சண்டையெல்லாம் விசாரிக்க நீதான் வருவ, ஆபீசர்" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. மேற்பார்வையாளர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

இரண்டாம் வருடத்தில் 'கவனித்துக் கேட்டல்' என்று ஒரு பாடம் வந்தது. குறுக்கே பேசக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, எதிராளி சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். பயிற்சிக்கு ரேடியோவை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"நேத்தும் எங்க வீட்டுக்காரர் கத்தினாரு," என்றாள் ரேடியோ, முனையைக் கொடுத்தபடி.

"கத்தினாரு."

"சாப்பாட்டுல உப்பு இல்லையாம்."

"உப்பு இல்லைன்னு அவருக்குத் தோணியிருக்கு."

"அதைத்தானே நான் சொன்னேன். காது அடைச்சிருக்கா உனக்கு?"

"இல்லைக்கா. இந்த விஷயத்துல என்ன செஞ்சா நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தோணுது?"

ரேடியோ விரிப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். "அது தெரிஞ்சா உங்கிட்ட எதுக்குடி சொல்லப்போறேன்?"

வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. முன்னறையும் அதையொட்டி இரண்டு சின்ன அறைகளும் சமையலறையும். கணவன் டவுன் பஸ் டிரைவர். ஒரே மகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பு படித்தாள். அம்மாவின் கணினி அடம்பிடிக்கும்போது அதைச் சமாதானப்படுத்துவது அவள் பொறுப்பு. முன்னறையை ஒட்டிய அறையில் மாமனார் இருந்தார். பெரியவர் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் ஆயுள் முழுக்கச் சமைத்தவர். அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிளறிய தோள்கள் இன்னும் இறங்கவில்லை. மனைவி இறந்தபிறகு மகன் வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அவர் அதிகம் கேட்ட வாக்கியம், "நீங்க உட்காருங்க."

வார நாட்களில் சாயங்காலமும் ஞாயிறு காலையும் முன்னறைச் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு நடக்கும். அந்த நேரத்தில் டிவி கிடையாது, குக்கர் விசில் கிடையாது. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள். பேராசிரியைக்குக் கொஞ்சம் கரகரத்த குரல். அவருடைய பூனை பாடத்துக்கு நடுவே விசைப்பலகை மேல் நடந்து போகும். கூடப் படிக்கும் ஒருத்தி யார் எதைச் சொன்னாலும் "அருமையான கருத்து" என்பாள். இன்னொருவர் சிறையில் வார்டன். பெரிய மீசை, பூட்டின கதவைப் போல முகம். அவர்தான் வகுப்பில் ஜோக் சொல்லுகிறவர். "சமூகப் பணியாளர்கிட்ட மணி என்னன்னு கேட்டுப் பாருங்க. 'எத்தனை மணியா இருந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்'னு திருப்பிக் கேப்பாங்க." இதை அவர் சிரிக்காமல் சொன்னபோது ஆபீசருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வீட்டில் அதை எடுத்துச் சொன்னாள். டிரைவர், "பஸ் ஸ்டாண்டுல இப்படிப் பதில் சொன்னா அடிதான் விழும்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைதான் பெரியவருக்குச் சமையலறை கிடைக்கும். ஆபீசர் வகுப்பில் இருப்பாள். விடியற்காலை ஷிப்ட் ஓட்டிவிட்டு வந்த டிரைவர் படுத்திருப்பான். அவர் சத்தமில்லாமல் பருப்பை ஏற்றி, வெங்காயம் அரிந்து, பாத்திரங்களைத் துணி போட்டு இறக்குவார். மழை தொடங்கிய மாதத்தில் ஒரு ஞாயிறு அந்தப் பருப்புத் தீய்ந்தது. சும்மா அடிப்பிடித்தது இல்லை. பாத்திரம் சிவந்து, பக்கத்தில் கிடந்த கைப்பிடித் துணி பற்றி, புகை முன்னறை வரைக்கும் வந்துவிட்டது. ஆபீசர் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி அடுப்பை அணைத்தாள். டிரைவர் இருமிக்கொண்டே எழுந்து வந்து ஜன்னல்களைத் திறந்தான். பெரியவர் தன் அறை வாசலில், கதவைப் பிடித்தபடி நின்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. டிரைவர் அடுப்பைத் திருகுகிற குமிழ்களை ஒவ்வொன்றாக உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிகிறதற்கு முன்னால் அதே சட்டையோடு வேலைக்கும் போய்விட்டான். ஆபீசருக்கு டீ போட வேண்டும், மகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். குமிழ் இல்லாத அடுப்பை இடுக்கியால் திருகிப் பார்த்தாள், அசையவில்லை. போன் செய்தாள், ஓட்டுகிறவன் எப்படி எடுப்பான்? மூன்று பேரும் வெறும் ரொட்டியைத் தண்ணீரில் முக்கித் தின்றார்கள். மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பெரியவர் மட்டும் தன் ரொட்டியை மெதுவாக, கடைசித் துணுக்கு வரைக்கும் தின்றுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த வாரக் கடைசியில் சாப்பிடும்போது சொன்னார். "ஒரு ரூம் பார்த்திருக்கேன்."

"யாருக்கு?" என்றான் டிரைவர், கீரையைப் பிசைந்தபடி.

"எனக்குத்தான். மார்க்கெட் ரோட்டுல, சைக்கிள் கடை மாடி. அடுப்பு வைக்க மேடை இருக்கு. ஜன்னல் ரோட்டுப் பக்கம்."

டிரைவரின் கை நின்றது. "இங்க என்ன குறை உங்களுக்கு?"

"ஒரு குறையும் இல்லடா. அதுதான்."

"அதுதான்னா என்ன அர்த்தம்?"

"வேளைக்குச் சாப்பாடு வருது. மாத்திரை வருது. டீ வருது. நான் எங்கயும் போக வேண்டியதில்லை. எதையும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே ஒருநாள் போய்ச் சேர்ந்துட்டா, உட்கார்ந்த இடத்துல அமைதியாப் போயிட்டாருன்னு நாலு பேர் சொல்லுவாங்க. எனக்கு அது வேண்டாம்."

"வீட்டைக் கொளுத்தப் பார்த்துட்டுத் தனியாச் சமைக்கப் போறாராம்," என்றான் டிரைவர், ஆபீசரைப் பார்த்து. அவர் அங்கே இல்லாதது போல.

செய்தி வேறு ஊரில் இருந்த டிரைவரின் அக்காவுக்கு மறுநாளே எட்டிவிட்டது. அவர் ஆபீசருக்குத்தான் போன் செய்தார். "உன் காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தராங்களா? ஊர்ல இருக்கிற வயசானவங்களுக்கெல்லாம் சேவை பண்ணப் போற. வீட்ல இருக்கிற ஒருத்தரை மாடி ரூமுக்கு அனுப்பி வைக்கிற. நல்லா இருக்கு."

"நான் அனுப்பலை அண்ணி. அவரே போறேங்கறார்."

"அவர் சொல்லுவார். நீ எப்படி வச்சிருந்தா அவர் அப்படிச் சொல்லுவார்னு நாலு பேர் கேப்பாங்கல்ல."

ஆபீசருக்கு அந்த நாலு பேரையும் நன்றாகத் தெரியும். சலவைக்கூடத்தில் இருந்தார்கள், மாடிப்படியில் இருந்தார்கள், அவளுக்குள்ளேயே இரண்டு பேர் இருந்தார்கள்.

அதைவிட வலித்தது டிரைவர் சொன்னதுதான். அவன் சத்தம் போடவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை நீ அந்தப் பொட்டி முன்னால உட்காராம இருந்தா, அடுப்பை நீ பார்த்திருப்ப. இவ்வளவு தூரம் வந்திருக்காது," என்றான். பிறகு சொன்னதற்காக வருத்தப்பட்டவன் போல அவனே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தான். அது ஆறுகிற வரைக்கும் அவள் தொடவில்லை.

மறுநாள் விரிப்பு மடிக்கும்போது, "இந்தப் பருவத்தோட படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன்," என்றாள்.

ரேடியோ அதிசயமாகப் பேசாமல் இருந்தாள். போய், வந்து, முனையைச் சேர்த்தபிறகு சொன்னாள். "நீ படிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எப்படி இருப்பன்னு உனக்கு நினைவிருக்கா? நான் ஒரு வார்த்தை சொன்னா நீ மீதியை முடிச்சுடுவ. என் வீட்டுக்காரரைப் பத்தி எனக்கே புத்தி சொல்லுவ. சில நாள் உங்கூட மடிக்கக் கூடாதுன்னு மாத்திக் கேட்டிருக்கேன் தெரியுமா?"

"அப்படியா?"

"இப்பத்தான் கொஞ்சம் ஆளாயிருக்க. பாதிக் கிணத்துல நிறுத்தினா பழையபடி ஆயிடுவ. எனக்கு வேற ஜோடி தேட வயசில்லை." பின்னால் நடந்தபடி இன்னும் ஏதோ சொன்னாள். உருளைச் சத்தத்தில் விழவில்லை.

அடுத்த ஞாயிறு சாயங்காலம், டிரைவருக்கு விடுப்பு. வெளியே மழை ஒரே சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஆபீசர் உருளைக்கிழங்கு வேகவைத்து மிளகுத்தூள் போட்டு எடுத்து வந்து மேஜையில் வைத்து, "எல்லாரும் உட்காருங்க. குடும்பக் கூட்டம்," என்றாள். பாடத்தில் படித்ததுதான். நான்கு பேரும் சமமாக உட்கார வேண்டும், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச வேண்டும், பேசுகிறவர் கையில் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும்.

"என்ன பொருள்?" என்றாள் மகள்.

ஆபீசர் கணவனிடம் கையை நீட்டினாள். "பையில இருக்கிற நாப்ல ஒண்ணைக் கொடுங்க."

முதல் நாள் ரொட்டிக்குப் பிறகு தினமும் காலையில் குமிழை மாட்டிச் சமையல் முடிந்ததும் கழற்றுவது வழக்கமாகியிருந்தது. டிரைவர் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தான். "பள்ளிக்கூடப் பிள்ளைங்க மாதிரி கையைத் தூக்கணுமா?"

"வேண்டாம். நீங்களே முதல்ல பேசுங்க."

அவன் குமிழை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். கேலி பேசத்தான் எடுத்தான். ஆனால் வந்தது வேறு. "ஒரு நாளைக்கு எத்தனை பேரை ஏத்தி இறக்கறேன். பிரேக் போட்டா நிக்கிற கிழவி விழுந்துடுமோன்னு கண்ணாடியில பார்த்துட்டேதான் போடறேன். மார்க்கெட் ரோட்ல என் பஸ்தான் ஓடுது. அந்த மாடியைப் பார்த்துட்டுத்தான் தினமும் போகணும். அங்க என் அப்பா தனியா உட்கார்ந்திருக்காருன்னு தெரிஞ்சும் நான் கியரைப் போட்டுட்டுப் போகணும். அவ்வளவுதான் நான் சொல்றது."

யாரும் கிழங்கைத் தொடவில்லை. குமிழ் மகளிடம் போயிற்று. அவள், "தாத்தா போனா அந்த ரூம் எனக்கான்னு கேக்கலாம்னு இருந்தேன். இப்பக் கேக்கலை," என்று அம்மாவிடம் தள்ளினாள்.

ஆபீசர் என்ன சொல்வதென்று இரண்டு நாளாக எழுதி எழுதிப் பார்த்திருந்தாள். இருவர் சொன்னதையும் தொகுத்துச் சொல்வது, பொதுவான இடம் ஒன்றைக் காட்டுவது என்று அதற்கெல்லாம் முறை உண்டு. மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் அது முழுக்க மறந்துபோயிற்று. நினைவில் நின்றது ஒரே ஒரு கேள்வி.

"மாமா, அன்னிக்கு என்ன ஆச்சு? பருப்பை வச்சுட்டு எங்க போனீங்க?"

பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்பத்தான் கேக்கறீங்க." குமிழை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். "எங்கயும் போகலை. ரூம் கதவாண்ட நின்னு உன் கிளாஸ் கேட்டுட்டு இருந்தேன்."

"என் கிளாஸா?"

"முதல் வருஷத்துலேர்ந்து கேக்கறேன். கதவை ஒரு விரக்கடை திறந்து வச்சா நல்லாக் கேக்கும். அந்த அம்மா நிறுத்தி நிறுத்திச் சொல்லுது. அவங்க வீட்ல குழந்தை இருக்கா? நடுநடுவுல ஒரு சத்தம் வருமே."

"அது பூனை தாத்தா," என்றாள் மகள்.

"பூனையா. நான் குழந்தைன்னு நினைச்சேன். அந்த ஜெயில்காரர் நல்ல மனுஷன். ஒரு பொண்ணு எப்பப் பாரு 'அருமையான கருத்து'ங்குது. அது ஒண்ணும் படிக்கறதில்லை, பார்த்துக்க." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "அன்னிக்கு அந்த அம்மா ஒண்ணு சொல்லிச்சு. ஒருத்தர் தப்பா முடிவெடுக்கறார்னு நமக்குத் தோணினாலும் அது அவரோட முடிவுதான். நம்ம வேலை அவர்கூட நடக்கறது, அவர் காலைக் கட்டறது இல்லைன்னு. வயசானவங்களுக்கும் அதேதான்னு சொல்லிச்சு. பாதுகாப்பு பாதுகாப்புன்னு அவங்க வாழ்க்கையை வாங்கிப் பெட்டியில பூட்டி வச்சிடறோம்னு சொல்லிச்சு. கேட்டுட்டு நின்னவன் நின்னுட்டேன். பருப்புத் தீஞ்சது."



"அப்ப இவ படிப்புதான் காரணம்னு நான் சொன்னது சரிதான்," என்றான் டிரைவர். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆபீசருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாப் என் கையில இருக்கு," என்றார் பெரியவர். "இன்னும் முடிக்கலை. கேன்டீன்ல இருந்தப்ப காலையில கண்ணு முழிக்கும்போதே இன்னிக்கு என்ன ஆக்கறதுன்னு யோசிச்சுட்டுத்தான் முழிப்பேன். காய் என்ன இருக்கு, எத்தனை பேர் வருவாங்க, மழை வந்தா சூடா என்ன கொடுக்கலாம். இங்க முழிச்சா எதிர்ல டீ இருக்கு. நல்ல டீதான். ஆனா யோசிக்க ஒண்ணும் இல்லை. எனக்கு யோசிக்கணும்டா. சைக்கிள் கடைப் பையனுங்க மத்தியானம் பன்னு தின்னுட்டு வேலை பார்க்கறானுங்க. அவனுங்களுக்குச் சேர்த்து ஆக்கறேன்னு சொல்லிட்டேன்."

ஆபீசர் கையை நீட்டிக் குமிழைக் கேட்டு வாங்கினாள். "உண்மையைச் சொல்லிடறேன் மாமா. எனக்கும் நீங்க போறது பிடிக்கலை. உங்க பாதுகாப்புக்காகன்னு சொல்லிட்டு இருந்தேன். அது பாதிதான். அண்ணி என்ன சொல்வாங்க, மாடிப்படியில பார்க்கறவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குப் பயம்."

"அது யார் பிரச்சினைன்னு முதல்ல பிரிச்சுப் பார்க்கணும்மா," என்றார் அவர் அன்பாக. "மூணாவது பாடம்."

டிரைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். "போறதுன்னா போங்க. யாரும் கட்டிப் போடலை. ஆனா நான் வந்து பார்க்க மாட்டேன்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மிச்சக் குமிழ்கள் இருந்த சட்டை நாற்காலியிலேயே தொங்கியது. பெரியவர் எழுந்து அவற்றை எடுத்துப் போய் அடுப்பில் மாட்டினார்.

போவதற்கு முன்னால் டாக்டரிடம் காட்டினார்கள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்து, நினைவுச் சோதனை செய்து, கேன்டீன் கதை இரண்டைக் கேட்டுவிட்டு, வயதுக்கு நன்றாகவே இருக்கிறார் என்றார். அறையைப் பார்க்க ஆபீசர் கூடப் போனாள். படிக்கட்டின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தாள், மாடி விளக்கைப் போட்டு அணைத்தாள், அடுப்பு மேடைக்கும் ஜன்னல் திரைக்கும் இடைவெளி போதுமா என்று கையை விரித்து அளந்தாள். சைக்கிள் கடைக்காரர் பஞ்சர் ஒட்டுவதை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

"மேடம், கட்டடத்துக்கு அனுமதி எல்லாம் இருக்கு. எங்கேர்ந்து வர்றீங்க?"

"நான் அவரோட மருமகள்."

"மருமகளா? இவ்வளவு கேள்வி கேக்கறீங்களேன்னு பார்த்தேன்."

"அது படிப்பு," என்றார் பெரியவர் பெருமையாக.

ஒரு மழை விட்ட காலையில் அவர் போனார். ஒரு பெட்டி, ஒரு மூட்டைப் பாத்திரம். சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட, ஆனால் இன்னும் உறுதியான விரிப்புகளை ரேடியோ மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவளே மேலே போய்ப் படுக்கையை விரித்து, சைக்கிள் கடைக்காரரின் வீட்டுக் கதை முழுவதையும் அங்கேயே தெரிந்துகொண்டு இறங்கி வந்தாள். மகள் கூடப் போனாள். டிரைவர் வேலைக்குப் போயிருந்தான். அன்றைக்கு அவனுக்கு வேலை இல்லை. கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தான்.

வீட்டில் ஓர் ஆள் குறைந்தால் ஓசை குறையும் என்று ஆபீசர் நினைத்திருந்தாள். அவர் அப்படி ஒன்றும் ஓசை செய்தவர் இல்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வகுப்புக்கு உட்கார்ந்தபோது பக்கத்து அறைப் பக்கம் கண் போய்ப் போய் வந்தது. பேராசிரியை வணக்கம் சொல்லிப் பாடத்தைத் தொடங்கும் நேரத்தில் போன் அடித்தது.

"ஆரம்பிச்சாச்சா?" என்றார் பெரியவர். "போனைக் கம்ப்யூட்டர் பக்கத்துல வை."

"மாமா..."

"பருவத்து நடுவுல விட முடியாதும்மா. மனநலம் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு."

அவள் போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜை மேல் சாய்த்து வைத்தாள். பாதி வகுப்பில் பேராசிரியை பேச்சை நிறுத்தி, "யார் வீட்ல வெங்காயம் வதங்குது? நல்லா வதங்குது, ஆனா மைக்கை அணைச்சிடுங்க," என்றார். தன்னுடையதைத்தான் அணைக்க மறந்திருக்கிறோம் என்று ஆபீசருக்குப் புரிந்தது. விஷயத்தை வெட்கத்தோடு சொன்னாள். வகுப்பே சிரித்தது. குடும்பத்தாரை ஆய்வுக்கு எடுக்கக் கூடாது என்பது விதி என்று நினைவூட்டிவிட்டுப் பேராசிரியை, "மாணவரா எடுக்கக் கூடாதுன்னு விதி இல்லை," என்றார். அருமையான கருத்து என்றாள் அந்தப் பெண். வார்டன், "ஐயா, எங்க கிச்சனுக்கும் ஓர் ஆள் வேணும். உள்ள வர்றது சுலபம், வெளிய போறதுதான் கஷ்டம்," என்று போனுக்குச் சொன்னார்.

அதிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கும் போன் வரும். பேசமாட்டார். கேட்டுக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும், வகுப்பில் பேசின ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைப்பார். ஆபீசர் வாரத்தில் இரண்டு முறை வேலை முடிந்து அங்கே போய் வந்தாள். சைக்கிள் கடைப் பையன்கள் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள். மாமனார் அவளை உட்கார விடமாட்டார்; பூண்டு உரிக்கக் கொடுத்துவிடுவார். அவளுக்கு அது பிடித்திருந்தது. அண்ணி இரண்டு தடவை போன் செய்து திட்டினார். மூன்றாவது தடவை, அப்பாவுக்கு என்ன மாதிரிப் பாத்திரம் வாங்கி அனுப்பலாம் என்று கேட்டார்.

டிரைவர் மட்டும் போகவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்கவும் மாட்டான். ஆனால் ஆபீசர் மார்க்கெட் ரோட்டிலிருந்து வந்த நாட்களில் அவளாகச் சொல்லும்வரை சமையலறையிலேயே சுற்றிக்கொண்டிருப்பான். அவளும் கட்டாயப்படுத்தவில்லை. படித்ததனால் இல்லை, கட்டாயப்படுத்தி அவன் எதையும் செய்து அவள் பார்த்ததில்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு சாயங்காலம் வகுப்பு நடுவே பத்து நிமிட இடைவேளை விட்டிருந்தார்கள். ஆபீசர் மைக்கை அணைத்துவிட்டுக் கையை நீட்டிச் சோம்பல் முறித்தபோது டிரைவர் வந்தான். சீருடை தோளில் நனைந்திருந்தது. கையில் இருந்த எவர்சில்வர் சாப்பாட்டு அடுக்கை மேஜை மேல் வைத்தான். அது அவர்கள் வீட்டு அடுக்கு இல்லை.

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவனாக வந்து இப்படி உட்கார்ந்து வெகுநாள் ஆயிற்று. அவள் குறுக்கே பேசவில்லை.

"மத்தியானம் கடைசி ஸ்டாப். கொட்டற மழை. எல்லாரும் இறங்கியாச்சு, கண்டக்டரும் டீக்குப் போயிட்டார். கண்ணாடியில பார்க்கறேன், கடைசி சீட்ல ஒருத்தர் குடையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார். 'கடைசி ஸ்டாப், இறங்கணும்'ங்கறேன். 'தெரியும், டிக்கெட் இருக்கு'ங்கறார். திரும்பிப் பார்த்தா நம்ம அப்பா. 'என் பஸ்ல எதுக்கு டிக்கெட் எடுத்தீங்க'ன்னேன். 'ஏறினா எடுக்கணும்ல'ங்கறார். அப்புறம் முன்னால வந்து, இந்த அடுக்கைப் பிரிச்சு, எனக்குப் பக்கத்து சீட்ல பரப்பிட்டார். சோறு, முட்டை, கிழங்கு வறுவல். ஆவி பறக்குது. 'என்கிட்ட டப்பா இருக்கு'ன்னேன். 'அது விடியக்காலையில கட்டினது, ஆறிப்போச்சு'ன்னு அதைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சிட்டார். அப்புறம் நான் என்ன பண்றது? சாப்பிட்டேன்."

"ம்."

"எப்ப வருவேன்னு கேக்கலை, ஏன் வரலைன்னு கேக்கலை. நான் சாப்பிடறதையே பார்த்துட்டு இருந்தார். அதுக்குள்ள கிளம்பற நேரம் ஆயிடுச்சு. வெளியில ஜனம் நனைஞ்சுட்டு நின்னு கதவைத் தட்டுது. நான் எந்திரிக்கப் போனேன். என் தோளைப் பிடிச்சு உட்கார வச்சிட்டு, இவர் போய் ஜன்னலைத் திறந்து, 'டிரைவர் சாப்பிடறார், கொஞ்சம் பொறுங்க'ங்கறார். ஒருத்தன், 'நீங்க யாரு, கண்டக்டரா'ன்னான். 'கேன்டீன்'னு சொல்லிட்டு ஜன்னலைச் சாத்திட்டு, இன்னொரு கரண்டி சோறு வச்சார்."

டிரைவர் சிரித்தான். சிரிப்பு நிற்க நேரம் பிடித்தது. பிறகு அடுக்கின் மூடியைத் திறந்து, கழுவியாயிற்றா என்று பார்த்து, மறுபடியும் மூடினான்.

"அவர்கிட்டச் சொல்லிடாத," என்றான், குரலைத் தாழ்த்தி. "அம்மா போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் எனக்கு வயிறு நிறைஞ்சது. நீ ஆக்கறதைக் குறை சொல்லலை. அது வேற. அவர் மாடியில தனியா இருக்காரேன்னு தினமும் அந்த ஸ்டாப்ல எனக்கு என்னமோ பண்ணும். இன்னிக்குத் திரும்பி வர்றப்போ ஒண்ணும் பண்ணலை."

ஆபீசரின் கண் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த போன் மேல் இருந்தது. டிரைவரும் அதைப் பார்த்தான். திரையில் அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

போனிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நாளைக்கு மீன் வாங்கலாம்னு இருக்கேன்," என்றார் பெரியவர்.

டிரைவர் மனைவியைப் பார்த்தான், போனைப் பார்த்தான். நாற்காலியை மேஜைக்குக் கிட்டே இழுத்துக்கொண்டு குனிந்தான்.

"முள்ளு கம்மியா இருக்கறதாப் பார்த்து வாங்குங்கப்பா," என்றான். "பஸ்ல வேண்டாம். நானே மேல வரேன்."